மூக்குத்தியை முழுங்கின ஃபில்டர்

மருமகனே, நீ இப்பிடியே போனா பெரிய ஆளாயிருவே. கல்யாண போட்டோ ஒண்ணை ஃபோட்டோஷாப்புக்குள்ள தள்ளுதே, ‘ஆயில் பெயின்ட்’னு ஒரு பட்டனை அமுக்குதே, டீக்கடைக்குப் போறே, வடை சாப்பிட்டுட்டு வாரே, ஓவியம் ரெடி. ரவிவர்மா பாவம், இந்தச் சூட்சுமம் தெரியாம வாழ்நாள் பூரா தூரிகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுருக்காரு. நான் நெகட்டிவுக்கு டச்சிங் பண்ணியே கண்ணைக் கெடுத்துக்கிட்டவன். தாய்மாமன்ங்கிற உரிமையில கொஞ்சம் புத்தி சொல்லுதேன். கோவப்படாம கேளு. கோவப்பட்டாலும் சொல்லத்தான் போறேன்.

மொத விசயம், படத்துல இருக்கிற மூஞ்சியைப் பாத்துராதே. ஸ்லைடரை மட்டும் பாரு. அத்தனையையும் வலது கோடி வரைக்கும் இழுத்து விட்டுரு. பொண்ணு கன்னம், பட்டுச்சேலை, மண்டபத்துச் சுவரு, பந்தியில கிடக்குற எச்சி இலை, எல்லாத்துக்கும் ஒரே தடிமன்ல பெயின்ட் அப்பட்டும். சாதி பேதம் பாக்காத தொழில்காரன்னு ஊரு பேசும். மாப்ள வீட்டுச் சித்தப்பா செல்ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நிக்காரா? அவரையும் விடாதே. மேடையில கிடக்குற தண்ணி பாட்டிலையும் நீலக்கலரு பிளாஸ்டிக் சேரையும் ரெம்பிராண்ட் கவனத்தோட இழைச்சு இழைச்சுக் குடு. உலகத்துல எந்த ஓவியனுக்கும் அந்தச் சேரை வரையத் தோணிருக்காது. ஒனக்குத் தோணிருச்சே, அதுதான் பெருமை.

நேத்து மேலத்தெரு வாத்தியார் வீட்டு ஆச்சி படத்தை உன் கடையில பாத்தேன். நல்லா பெரிசாத்தான் போட்டுருக்கே. ஆச்சிக்கு ரெண்டு மூக்குலயும் மூக்குத்தி உண்டு, சின்னப்புள்ளையில குத்துனது. உன் ஓவியத்துல மூக்கு இருக்கு, மூக்குத்தியைக் காணோம். காதுல தொங்குன பாம்படம் கழுத்துச் சதையோட உருகி ஒட்டிக் கிடக்கு. ரெண்டையும் அடகு வச்சுத்தான் உனக்கு அட்வான்ஸ் குடுத்தாகளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஏன் அப்பிடி ஆச்சுன்னு நீ யோசிக்க மாட்டே, நான் யோசிச்சேன். உன் கடைப்பையன் கிட்டக் கேட்டா அவன் போனைத் தட்டித் தட்டி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிருவான், அவனுக்கும் பொழுது போகணும்லா. ஜிம்ப்னு ஓசியில கிடைக்குமே, அதுல ‘ஆயிலிஃபை’னு ஒரு ஃபில்டர். அது ஒவ்வொரு புள்ளிக்கும் சுத்துவட்டாரத்தைப் பாக்கும். அந்த வட்டாரத்துல எந்த வெளிச்சத்துப் புள்ளிக ஜாஸ்தியோ, அந்த நிறத்தைத் தூக்கி நடுப்புள்ளிக்கு வச்சுரும். வார்டு எலெக்‌ஷன்தான் மருமகனே. தோல் நிறத்துக்கு ஊரு பூரா ஓட்டு, மூக்குத்திக்கு வீட்டு ஓட்டு மட்டும். டெபாசிட் காலி.

இதுக்கு இன்னொரு சொந்தக்காரன் இருக்கான், ‘குவஹாரா’ ஃபில்டர்னு பேரு. 1976ல ஜப்பான்ல குவஹாராங்கிறவரும் அவரு கூட்டாளிகளும் பண்ணுனது. எதுக்குத் தெரியுமா? கதிரியக்க மருந்தை ஏத்தி எடுத்த இருதயப் படத்துல புள்ளியும் பொரியுமா வார அழுக்கைத் தொடைக்கதுக்கு. ஒரு புள்ளியைச் சுத்தி நாலு சதுரம் எடுத்துக்கிடுவான். நாலுல எது ஏத்த இறக்கம் இல்லாம அமைதியா இருக்கோ, அந்தச் சதுரத்தோட சராசரி நிறத்தை அந்தப் புள்ளிக்குக் குடுப்பான். இதனால ஓரம் மங்காது, உள்பக்கம் மட்டும் வழவழன்னு ஆயிரும். டாக்டருக்குச் செஞ்சதைப் படக்காரங்க பாத்தாங்க. அடடே, இது பெயின்ட் அடிச்ச மாதிரில்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. 2009ல அதையே கோடு போற போக்குக்கு வளைஞ்சு நீளுத மாதிரி திருத்துனாங்க. இருதயக் கோளாறுக்கு வச்ச வைத்தியத்தை நீ நல்லா இருக்கிற கல்யாணப் பொண்ணு கன்னத்துக்குப் பாக்குதே. தப்புன்னு சொல்ல வரலை. ஆனா அந்த ஃபில்டருக்கு மூக்குத்தியும் ஒண்ணுதான், படத்துல விழுந்த தூசியும் ஒண்ணுதான். சின்னதா, தனியா, பளிச்சுன்னு இருந்தா அழுக்குன்னு நினைச்சுக் கரைச்சுரும். வாத்தியார் வீட்டு ஆச்சி யாருன்னு அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்லா?

நாங்க செஞ்ச வேலையைச் சொன்னா நீ சிரிப்பே. நெகட்டிவைச் சாய்வுப் பெட்டியில வச்சு, பின்னால வெளிச்சம் குடுத்து, மேல ஒரு மருந்தைத் தடவி, பென்சிலை ஊசி முனைக்குச் சீவிக்கிட்டு உக்காருவோம். நெகட்டிவ்ல கறுப்பு வச்சா பிரிண்ட்ல வெளுப்பா வரும், எல்லாம் தலைகீழ்க் கணக்கு. கண்ணுக்குக் கீழ சுருக்கம் இருந்தா அந்தக் கோட்டுல பொடிப்பொடியா பென்சில் வைக்கணும். கொஞ்சம் கூடிப்போச்சுன்னா கிழவி கொமரி ஆயிருவா, பேரன் வந்து இது எங்க ஆச்சி இல்லைம்பான். குறைஞ்சு போச்சுன்னா மொதலாளி ஏசுவாரு. எங்கன நிறுத்தணும்ங்கிறதுக்குத்தான் சம்பளமே. பெறவு கலர். கறுப்பு வெள்ளைப் படத்துமேல பஞ்சைத் தொட்டுத் தொட்டு கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு. சேலை என்ன கலருன்னு வாடிக்கைக்காரங்க கிட்டக் கேட்டு கவருக்கு மேலயே எழுதி வச்சுக்கிடுவோம். ‘அரக்குச் சேலை, பச்சைக் கரை, கல்லு கம்மல் சிவப்பு’ன்னு. கம்மலு சிவப்புக்கல்லா வெள்ளைக்கல்லாங்கிறதை மறந்தோம்னா தொலைஞ்சோம்.

நம்ம கோவில்பட்டி எப்பிடிப்பட்ட ஊருன்னு உனக்கு ஞாபகம் இருக்கட்டும். கடலைமிட்டாய்க்கு மட்டும் பேருபோனது இல்லை. சி. கொண்டைய ராஜு இங்கதான் இருந்தாரு. 1898ல பொறந்து 1976ல காலமானவரு. மெட்ராசுல ஓவியம் படிச்சு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து, நம்ம ஊருலயே தங்கிட்டாரு. சிவகாசி அச்சாபீசுல இருந்து காலண்டராப் போன அவரு முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் இன்னைக்கும் எத்தனை வீட்டுப் பூசையறையில மாட்டிக் கிடக்கு. அந்தப் படத்தைக் கிட்டத்துல போயிப் பாரு. மூஞ்சியில ஒரு தூரிகைத் தடம் தெரியாது. கன்னம் அப்பிடியே வெளிச்சத்துல இருந்து நிழலுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும். ஆனா நகையை மட்டும் எண்ணிக்கிடலாம், ஒவ்வொரு முத்துலயும் ஒரு வெள்ளைப்புள்ளி உக்காந்துருக்கும்.

இதை ஏன் சொல்லுதேன்னா, நம்ம சனங்களுக்குப் பெயின்டிங்குன்னா அதுதான். வாடிக்கைக்காரரு வந்து ‘தம்பி, பெயின்டிங் மாதிரி பண்ணிக் குடுங்க’ன்னா அவரு மனசுல காலண்டரு ஓடும். உன் மனசுல வான்கோ ஓடுதாரு. அவரு 1889ல வானத்துல சுழி போட்டாருன்னா அது வானம், தாங்கும். நீ அந்தச் சுழியைத் தூக்கி மாப்ளை நெத்தியில போட்டே. மாடு வாங்கப் போறவன்லா சுழி பாப்பான், பொண்ணு குடுக்கவுகளுமா பாக்கணும்? 2015ல ஜெர்மனியில கேட்டிஸ்ங்கிறவரும் இன்னும் ரெண்டு பேரும் ஒரு படத்தோட உருவத்தையும் இன்னொரு படத்தோட பாணியையும் கம்ப்யூட்டரை வச்சுக் கலக்குற வித்தையைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருசமே ‘பிரிஸ்மா’ன்னு ஆப் வந்து ஊர்ல உள்ள அத்தனை பேரு மூஞ்சியும் வண்ணத்துல குழைஞ்சுது. அதுல வேடிக்கை பாக்குறதுக்கு ஒண்ணும் குத்தமில்லை. ஃப்ரேம் போட்டுக் காசு வாங்கும்போதுதான் இடிக்கு.

போட்டோவை ஓவியமாக்குற ஆசை புதுசும் இல்லை. 1890கள்லயே பாரிசுல ராபர்ட் டெமாஷின்னு ஒரு துரை, கோந்துல நிறத்தைக் கலந்து காகிதத்துல பூசி, நெகட்டிவை வச்சு வெளிச்சம் காட்டி, கழுவும்போது தூரிகையால வேண்டாததை வழிச்சு எடுத்துருவாரு. எது இருக்கணும் எது போகணும்னு அவரு கை முடிவு பண்ணும். அந்தக் காலத்துலயே இது போட்டோவா ஓவியமான்னு அடிதடி. நீ ஒண்ணும் புதுசா ஊரைக் கெடுக்கலை, கவலைப்படாதே.

சரி, கேலி போதும். வேலையைச் சொல்லுதேன். ஃபில்டரைத் தூக்கி எறியச் சொல்லலை. அதை அடிச்சு அடிப்பூச்சாப் போட்டுக்கோ. அதுக்கு முந்தி, ஒரிஜினல் படத்தைக் கேளு. வாட்ஸப்புல வந்த படத்துல வேலை செய்யாதே. அங்க இருந்து வரும்போதே சுருங்கி, கட்டங்கட்டமா உடைஞ்சு வரும். ஃபில்டர் அந்த உடைசலையும் தூரிகைன்னு நினைச்சு நெளிய விட்டுரும், கன்னத்துல புழு ஓடும்.

வேண்டாத ஆளு, சேரு, பாட்டிலை எல்லாம் மொதல்ல வெளிய அனுப்பு. ஓவியன் வரையாம விட்டதுலதான் பாதி ஓவியம் இருக்கு, ஃபில்டருக்கு விடத் தெரியாது. பெறவு மேல ஒரு வெத்து லேயரைத் தெறந்து மிக்ஸர் பிரஷ்ஷை எடு. 2010ல ஃபோட்டோஷாப் சிஎஸ்5ல வந்தது அது, இன்னும் உன் கடையில அதைத் தொட்ட தடமே இல்லை. ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’னு இருக்கிறதை டிக் பண்ணு, அப்பத்தான் கீழ இருக்கிற படத்து நிறத்தை மேல இழுக்கும், ஒரிஜினலும் கெடாது. ‘வெட்’டுங்கிறது ஈரம், கூட்டுனா கீழ இருக்கிற நிறம் குழைஞ்சு வரும். ‘லோடு’ங்கிறது பிரஷ்ஷுல எம்புட்டு பெயின்ட் நிக்குதுங்கிறது, அதைக் குறைச்சா கோடு பாதியிலயே காஞ்சு போகும், அதுவும் ஒரு அழகுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் அப்புறம் பிரஷ்ஷைக் கழுவுற பட்டன் பக்கத்துலயே இருக்கும். அதை அமுக்கி வை. இல்லைன்னா தலைமுடிக் கறுப்பைக் கொண்டாந்து பொண்ணு கன்னத்துல ஈசுவே. நீ ஈசியிருக்கே. ஆல்பத்துல ஏழாவது பக்கம்.

பெரிய பிரஷ்ஷுல தொடங்கு. படத்தைச் சின்னதாக்கி, தள்ளி உக்காந்து, சுவரு, சேலை, உடம்புன்னு மொத்தமாப் போடு. எல்லாப் பயலும் செய்யுத காரியம், இருநூறு சதவீதம் பெருசாக்கி வச்சு கண்ணிமை முடியில இருந்து ஆரம்பிப்பான். சாயந்திரம் வரைக்கும் ஒரு கண்ணுதான் முடிஞ்சிருக்கும், அதுவும் முழிச்சுக்கிட்டு நிக்கும். இழுக்கும்போது உடம்பு எப்பிடி வளையுதோ அப்பிடி இழு. நெத்தி குறுக்க போகும், மூக்குத்தண்டு கீழ எறங்கும், கன்னம் உருண்டு தாடைக்கு வரும். சேலைக்குக் கொசுவம் விழுந்த வாக்குலயே விடு, குறுக்க இழுத்தா பட்டு கோணிச்சாக்கு ஆயிரும். தலைமுடிக்குச் சீவுன வாக்கு. ஃபில்டர் இதையும் ஓரளவு செய்யும், இல்லைங்கலை. ஆனா நெத்திப்பட்டம் எங்க முடிஞ்சு நெத்தி எங்க தொடங்குதுன்னு அது குழம்பும். அங்கனதான் உன் கை வேணும்.

பெறவு மூஞ்சிக்கு வரும்போது பிரஷ்ஷைச் சின்னதாக்கிக்கிட்டே வா. கண்ணு, மூக்கோரம், உதடு, தாலி, இதுகளுக்கு மட்டும் பொடி பிரஷ். வேற எங்கயும் பொடி பிரஷ்ஷைக் கொண்டு போகாதே, பாக்குறவன் கண்ணு எங்கன போயி நிக்கணும்னு அதுதான் சொல்லும். தோள்பட்டையும் பின்சுவரும் ஒரு இடத்துல ஒண்ணோட ஒண்ணு கரையட்டும். எல்லா ஓரமும் கத்தி வெட்டா நின்னா அது ஓவியம் இல்லை, கத்தரிச்சு ஒட்டுன கட்அவுட். கடைசியா நகைக்கு வா. அதுக்கு மிக்ஸர் வேண்டாம், சாதா பிரஷ். மூக்குத்திக்கு ஒரு பொட்டு மஞ்சள், அதுக்கு மேல அதைவிடச் சின்னதா ஒரு பொட்டு வெள்ளை, வெளிச்சம் எந்தப் பக்கம் வருதோ அந்த ஓரத்துல. அம்புட்டுத்தான். மவுஸ்ல இதெல்லாம் வராது. அழுத்துனா தடிக்கவும் விட்டா மெலியவும் டேப்லெட்டும் பேனாவும் வேணும். புது பைக்குக்குத் தவணை கட்டுதவன் ஒரு டேப்லெட் வாங்கலாம்.

வெளிச்சம்னதும் ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சு எடுத்த படத்தைக் கொண்டாந்து ஓவியமாக்குன்னா பிரம்மனாலயும் ஆகாது. நிழலே இல்லாத மூஞ்சியில தூரிகை எந்தப் பக்கம் வளையும்? எடுக்கும்போதே பொண்ணைச் சன்னல் பக்கம் உக்கார வை. கும்பகோணம் பக்கத்துச் செம்பியவரம்பில்ல பொறந்த இளையராஜான்னு ஒரு ஓவியரு இருந்தாரே, 2021ல கொரோனா கொண்டு போயிருச்சு. அவரு வரைஞ்ச பொண்ணுகளைப் பாரு. அடுப்படியில, நடையில, தூணோரத்துல, கதவு வழியா வார வெளிச்சம் பாதி மூஞ்சியில விழும். ஆனந்த விகடன்ல அவரு படத்தைப் பாத்தவுக அத்தனை பேரும் இது போட்டோதானேன்னு கேட்டாக. அந்த மனுசன் தூரிகையால வரைஞ்சு, போட்டோன்னு பேரு வாங்குனாரு. நீ போட்டோவை எடுத்து, பட்டனை அமுக்கி, ஓவியம்னு பேரு வாங்கப் பாக்குதே. ரெண்டு பேரும் நடுவழியில எங்கயாவது சந்திச்சிருந்தா அவரு உன்னைப் பாத்து என்ன கேட்டுருப்பாருன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டர்காரங்களே மொதல்ல இப்பிடித்தான் நினைச்சிருக்காங்க. 1990ல பால் ஹேபர்லின்னு அமெரிக்காவுல ஒருத்தர் ஒரு வழி காட்டுனாரு. கீழ போட்டோ கண்ணுக்குத் தெரியாமக் கிடக்கும். மேல நீ கையை ஓட்டுனா, ஓட்டுற இடத்துல கீழ இருக்கிற நிறம் கோடா வந்து விழும். நிறத்தைப் போட்டோ பாத்துக்கிடும். கோடு எங்க, எம்புட்டு நீளம், எந்தப் பக்கம்ங்கிறது உன் பாடு. அடுத்த வருசம் ‘பெயின்டர்’னு ஒரு மென்பொருள், அதைப் பெயின்ட் டப்பாவுலயே அடைச்சு வித்தாங்க. வாங்குனவன் டப்பாவைத் தெறக்கும்போதே, இது தூரிகை பிடிக்கிற வேலைன்னு நெனப்பு வரட்டும்னு பண்ணுனாங்களோ என்னமோ. நீ தெறந்தா உள்ள பட்டன் இருக்கான்னுதான் தேடியிருப்பே.

பெறவு அச்சு. ஏற்கெனவே ஃபில்டர்ல துணி நெசவு மாதிரி ஒரு ‘டெக்ஸ்ச்சர்’ போட்டுக்கிட்டு, அதையே கேன்வாஸ் துணியில பிரிண்ட் எடுக்குதே. நெசவுக்கு மேல நெசவு, பாக்குறவனுக்கு மயக்கம் வருது. ஒண்ணை விடு. அதுக்கு மேல ஒரு ஜெல்லைத் தடவி, ‘கையால தீட்டுனது’ம்பே. தடவுறதாவது படத்துக் கோட்டோட போகுதா? மூஞ்சி ஒருபக்கம் வளையுது, உன் ஜெல்லு வெள்ளையடிக்கிற மட்டை கணக்கா மேலயும் கீழயும் போகுது. ட்யூப் லைட்டு அது மேல பட்டா பொண்ணு மூஞ்சியில மழைத்தண்ணி எறங்குது. பில்லுல ‘ஹேண்ட்மேட்’டுன்னு போடுறதுக்கு முந்தி, கையி எங்க பட்டுதுன்னு நீயே தேடிப் பாத்துக்கோ. பட்டன்ல பட்டதைக் கணக்குல சேக்காதே. கையால செஞ்சதுக்கு ஒரு விலை, பட்டனுக்கு ஒரு விலைன்னு போர்டுல எழுதி வையி. பட்டன் விலைக்கும் ஆளு வரும், நம்ம ஊர்ல எதுக்குத்தான் ஆளு வராது.

இன்னொண்ணு, எந்திரிச்சுப் போறதுக்குள்ள சொல்லிருதேன். நாளைக்குக் காலையில டெலிவரின்னு செவுத்துல சாத்தி வச்சிருக்கியே, நாலடி கேன்வாஸ், ஜோடிப்படம். படத்தை இடவலம் திருப்பிப் பாத்தா தப்பு தெரியும்னு நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன். திருப்பினவன் மறுபடி திருப்ப மறந்துட்டே. பொண்ணுக்கு முந்தானை வலது தோள்ல கிடக்கு, மாப்ளை சட்டைப்பை வலது நெஞ்சுல இருக்கு. பின்னால மண்டபத்து போர்டுல எழுத்தெல்லாம் ஃபில்டர் கரைச்சு விட்டதால உனக்குத் தெரியலை. பொண்ணுக்கு அம்மா வந்து பாத்தா முந்தானைக்குத்தான் மொதல்ல கண்ணு போகும். ஏலே, எங்க எந்திரிக்கே? டீ அப்புறம் குடிக்கலாம், மிசினைப் போடு.